ஸ்பானிஷ் நிகழ்காலம் எங்கே தடுக்குகிறது? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

புதுச்சேரியிலும் கடலூரிலும் ஸ்பானிஷ் படிக்க உட்காருபவர்களுக்கு ஆங்கிலம் ஓரளவு தெரிந்திருக்கும். புதுச்சேரிக்காரர் என்றால் பள்ளியிலேயே கொஞ்சம் ஃப்ரெஞ்சும் படித்திருக்க வாய்ப்புண்டு. நிகழ்கால வினையில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளில் பெரும்பங்கு இந்த இரண்டு மொழிகளும் நடுவில் புகுவதால் வருகிறது. தமிழ் வாக்கியத்தை மனசில் வைத்துக்கொண்டு நேரே ஸ்பானிஷுக்குப் போனால் அவற்றில் பாதி தானாக விலகும். தமிழே காலை வாரிவிடும் இடங்களும் உண்டு: மரியாதைப் பன்மை, 'செய்வேன்' என்ற வடிவம், 'இருக்கு'. இந்த மூன்றுக்கும் கீழே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் வருவது செலவில்லாமல் 5 நிமிடத்தில் பார்க்கக்கூடியது. கீழே போகப் போக நேரமும் காசும் கூடும். ஸ்பானிஷ் சொற்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். எழுத்துக்கூட்டலைப் பாடப்புத்தகத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கையில் இருக்க வேண்டிய அட்டவணை இதுதான். வரிசை: நான், நீ, அவர், நாம், நீங்கள் (பலர்), அவர்கள்.

ஆப்லார் (பேசு): ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா, ஆப்லாமோஸ், ஆப்லாய்ஸ், ஆப்லான்
கொமேர் (சாப்பிடு): கோமோ, கோமெஸ், கோமெ, கொமேமோஸ், கொமேய்ஸ், கோமென்
பிபீர் (வசி): பீபோ, பீபெஸ், பீபெ, பிபீமோஸ், பிபீஸ், பீபென்

அறிகுறி 1: யாரைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்று எதிரில் இருப்பவருக்குப் புரியவில்லை

*வினையை அகராதி வடிவத்திலேயே விட்டுவிட்டீர்களா?* 'யோ ஆப்லார்' என்பது 'நான் பேசு' என்பதுபோல. ஆர், ஏர், ஈர் என்று முடிந்தால் விகுதி இன்னும் ஒட்டவில்லை என்று பொருள். அந்த முடிவை வெட்டிவிட்டு அட்டவணையில் உள்ளதை ஒட்டுங்கள். 'பேசு' என்பதோடு 'கிறேன்', 'கிறாய்', 'கிறார்கள்' ஒட்டுவது நமக்குப் பழகிய வேலைதான்.

*கடைசி 'ன்' மூக்கில் கரைகிறதா?* தமிழர்களிடம் அதிகம் காணப்படுவதும், அவர்களே கவனிக்காததும் இந்தக் கோளாறுதான். பேச்சுத்தமிழில் 'வந்தான்' என்று சொல்லும்போது கடைசி 'ன்' முழுதாக வருவதில்லை. ஆகாரம் மூக்கொலியாகி நின்றுவிடும். அதே பழக்கத்தில் 'ஆப்லான்' என்றால் ஸ்பானிஷ் காதுக்கு 'ஆப்லா' என்று விழும். 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பது 'அவர் பேசுகிறார்' ஆகிவிடும். ஃப்ரெஞ்சு படித்தவர்களுக்கு மூக்கொலி இன்னும் ஊறியிருக்கும். நாக்கு நுனி மேல் ஈறைத் தொட்டு நின்றால்தான் 'ன்' வந்ததாகக் கணக்கு. 'ஆப்லான் இங்க்லேஸ்' என்று அடுத்த சொல்லோடு சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள். அடுத்து உயிரெழுத்து வரும்போது 'ன்' தப்பிக்க முடியாது.

*கடைசியில் 'உ' ஒட்டுகிறதா?* 'பஸ்' நம் வாயில் 'பஸ்ஸு' ஆவதுபோல 'ஆப்லாஸ்' 'ஆப்லாஸு' ஆகும். ஓர் அசை கூடிவிட்டால் கேட்பவர் வேறு சொல்லைத் தேட ஆரம்பிப்பார்.

*அழுத்தம் இடம் மாறிவிட்டதா?* 'ஆப்லோ' என்பதில் 'ஆப்' மேல் அழுத்தம் விழுந்தால் 'நான் பேசுகிறேன்'. 'லோ' மேல் விழுந்தால் 'அவர் பேசினார்'. ஆளும் மாறுகிறது, காலமும் மாறுகிறது. இங்கே செய்திருப்பதுபோல ஸ்பானிஷைத் தமிழில் எழுதிவைத்துப் படிப்பவர்கள் 'லோ' என்ற நெடிலைப் பார்த்து இழுத்துவிடுவார்கள். அதை இழுக்காமல் குறுக்கி, முதல் அசையைத் தூக்கிச் சொல்லுங்கள். 'நாம்', 'நீங்கள் பலர்' தவிர மற்ற நான்கிலும் விகுதிக்கு முன்னால் இருக்கும் அசையில்தான் அழுத்தம்.

சோதனை: போனில் குரல் தட்டச்சை ஸ்பானிஷுக்கு மாற்றுங்கள். 'ஆப்லான் கோன் மி மாத்ரே' (என் அம்மாவோடு பேசுகிறார்கள்) என்று சொல்லுங்கள். எழுவாய் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் போன் அதை வைத்தே யூகித்துத் திருத்திவிடும். 10 முறை சொல்லி, எத்தனை முறை கடைசி எழுத்தோடு வந்தது என்று பாருங்கள். 7 அல்லது 8 முறை வந்தால் போதும். 2 வாரம் தினமும் செய்தும் பாதிகூடத் தேறவில்லை என்றால் உச்சரிப்பைத் திருத்தும் ஆசிரியர் வேண்டும். வாய் செய்யும் தப்பைத் தன் காதே பிடிப்பது கடினம்.

அறிகுறி 2: இலக்கணம் சரி, ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் 'யோ' என்று தொடங்குகிறது

'யோ ஆப்லோ, யோ கோமோ, யோ பீபோ' தவறல்ல. ஆனால் ஒவ்வொரு தடவையும் 'நான்தான்' என்று அடித்துச் சொல்வதுபோல் கேட்கும். ஃப்ரெஞ்சில் பேசும்போது பல விகுதிகள் ஒலிக்காது, அதனால் அங்கே எழுவாய் கட்டாயம். ஸ்பானிஷில் விகுதி காதில் விழுகிறது. தமிழில் 'வரேன்' என்றாலே போதும் அல்லவா, அதே கணக்கு. எழுதியதை எடுத்து எல்லா 'யோ'வையும் அடித்துவிடுங்கள். 'நான் வரேன், அவர் வரலை' என்று எதிர்நிறுத்திச் சொல்லும் இடத்தில் மட்டும் திரும்பப் போடுங்கள். இதற்கு ஆசிரியர் தேவையில்லை.

அறிகுறி 3: மரியாதையாகப் பேசினால் பன்மையாகிவிடுகிறது

ஒரே ஒரு விருந்தினர் விடுதி வரவேற்பு மேசை முன் நிற்கிறார். 'முன்பதிவு செஞ்சிருக்கீங்களா?' என்று கேட்க வேண்டும். இங்கே மூன்று வகையாகத் தவறு நடக்கும்.

*தமிழ் 'நீங்க'.* ஒருவரானாலும் பலரானாலும் நமக்கு 'நீங்க'தான். அதனால் 'தியேனென் ரெஸேர்பா?' என்று பலருக்கு உரிய வடிவம் வந்துவிடும். அவர் பின்னால் திரும்பி, வேறு யாரும் நிற்கிறார்களா என்று பார்ப்பார்.

*ஃப்ரெஞ்சின் மரியாதைச் சொல்.* அங்கே ஒருவரை மதிக்க முன்னிலைப் பன்மை. அந்தப் பழக்கத்தில் 'தெனேய்ஸ்' என்று வரும். அது ஸ்பெயினில் நெருங்கிய பலரைப் பார்த்து, 'உங்களுக்கெல்லாம்' என்ற உரிமையோடு கேட்பது. மதிப்புக்காகச் சொன்னது நேர் எதிராகப் போகும்.

*'அம்மா பேசறாங்க'.* வீட்டுப் பெரியவர்களைச் சொல்லும்போது பேச்சுத்தமிழில் பன்மை விகுதி வரும். அதனால் 'மி மாத்ரே த்ரபாஹான்' என்று வாய் தவறும். ஓர் அம்மா என்றால் 'மி மாத்ரே த்ரபாஹா' (என் அம்மா வேலை செய்கிறார்) மட்டுமே. ஸ்பானிஷ் விகுதி தலையை எண்ணும். வயதையும் மதிப்பையும் பார்க்காது.

சரியான வழி: மரியாதைக்குரிய ஒருவருக்கு 'உஸ்தெத்'. அதோடு வருவது 'அவர்' என்பதற்கான வடிவம். 'தியேனே ரெஸேர்பா?' 'கியேரே கஃபே ஓ தே?' (காபி வேணுமா, டீ வேணுமா?) 'தே தோந்தே எஸ் உஸ்தெத்?' (உங்களுக்கு எந்த ஊர்?) இருவர் வந்தால் 'உஸ்தேதெஸ்', 'தியேனென்'. வாயைத் திறக்குமுன் தலையை எண்ணுங்கள். ஒன்றென்றால் 'ன்' கிடையாது.

விடுதி, சுற்றுலா வேலையில் இருப்பவர்கள் இந்த மூன்று கேள்விகளையும் ஒருவருக்கும் பலருக்குமாக மாற்றிச் சொல்லிப் பழகினாலே கோளாறு அடங்கிவிடும்.

அறிகுறி 4: தினமும் செய்வதைச் சொன்னால் இனிமேல் செய்யப்போவதாகக் கேட்கிறது

'தினமும் காலையில காபி குடிப்பேன்.' இதை அப்படியே மாற்றினால் 'பெபெரே கஃபே' வரும். அது எதிர்காலம். ஸ்பானிஷில் பழக்கத்துக்கு நிகழ்காலம்: 'தோதோஸ் லோஸ் தீயாஸ் பேபோ கஃபே'. 'சூரியன் கிழக்கே உதிக்கும்' என்பதும் அப்படித்தான்: 'எல் ஸோல் ஸாலே போர் எல் எஸ்தே'. தமிழின் '-வேன், -ப்பேன், -உம்' மூன்று வேலை செய்கிறது. அதைப் பிரிக்கும் சோதனை:

வாக்கியத்தில் 'தினமும்', 'வழக்கமா' சேர்த்தால் பொருந்துகிறதா? நிகழ்காலம்.
'நாளைக்கு' பொருந்துகிறதா? எதிர்காலம் போடலாம், நிச்சயமான திட்டம் என்றால் நிகழ்காலமே போதும். 'நாளைக்குக் கடலூர் போறேன்' என்று நாம் சொல்வதுபோலவே 'மஞானா போய் அ கடலூர்'.
'சின்ன வயசுல' பொருந்துகிறதா? அது இறந்தகாலத்தின் வேறொரு வடிவம். நிகழ்காலத்தைத் தொடாதீர்கள்.

இதே தலைப்பில் ஆங்கிலம் செய்யும் தொல்லையும் உண்டு. 'பேசிக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கு 'எஸ்தோய் ஆப்லாந்தோ' என்ற வடிவம் ஸ்பானிஷில் இருக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் அதைப் போட வேண்டியதில்லை. 'என்ன பண்றே?' 'சாப்பிடறேன்' என்று நாம் முடிப்பதுபோல 'கோமோ' என்றே முடிக்கலாம். இந்த நொடியில் கை அந்த வேலையில்தான் இருக்கிறது என்று அழுத்திச் சொல்லவே 'எஸ்தோய்...ஆந்தோ'. நாளைய திட்டத்துக்கு அது வரவே கூடாது.

'3 வருஷமா இங்க இருக்கேன்' என்பதில் ஆங்கிலத்தை நினைத்தால் குழப்பம். தமிழை நினைத்தால் நேர் வழி. நமக்கும் நிகழ்காலம், அவர்களுக்கும் நிகழ்காலம்: 'பீபோ அகீ தெஸ்தே ஆஸே த்ரெஸ் ஆஞோஸ்'.

அறிகுறி 5: வினையின் நடு உயிர் சிலபோது மாறுகிறது, சிலபோது மாறவில்லை

கெரேர் (விரும்பு): கியேரோ, கியேரெஸ், கியேரே, கெரேமோஸ், கெரேய்ஸ், கியேரென்.
பொதேர் ('என்னால் முடியும்' என்பதில் வரும் முடி): புவேதோ, புவேதெஸ், புவேதே, பொதேமோஸ், பொதேய்ஸ், புவேதென்.
பெதீர் (கேட்டு வாங்கு): பீதோ, பீதெஸ், பீதே, பெதீமோஸ், பெதீஸ், பீதென்.

*'நாம்' வடிவத்திலும் மாற்றிவிட்டீர்களா?* 'கியெரேமோஸ்', 'புவெதேமோஸ்' என்று வந்தால் இதுதான் காரணம். அழுத்தம் அந்த உயிரின்மேல் விழும்போதுதான் அது உடைகிறது. 'நாம்', 'நீங்கள் பலர்' வடிவங்களில் அழுத்தம் விகுதிப் பக்கம் நகர்ந்துவிடும், அதனால் உயிர் பழையபடி நிற்கும். அறிகுறி 1-இல் சொன்ன அழுத்தம் வாயில் படிந்திருந்தால் இந்த விதியைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

*எந்த வினை மாறும் என்றே தெரியவில்லையா?* அகராதி வடிவத்தைப் பார்த்து ஊகிக்க முடியாது. 'கொமேர்' மாறாது, 'பொதேர்' மாறும். வழி ஒன்றே: புதிய வினையைக் குறிப்பேட்டில் ஏற்றும்போது ஒற்றையாக ஏற்றாதீர்கள். 'தொர்மீர், துவேர்மோ', 'பென்ஸார், பியென்ஸோ', 'ஹுகார், ஹுவேகோ' என்று 'நான்' வடிவத்தோடு ஜோடியாக எழுதுங்கள். சந்தேகம் வந்தால் ரியல் அகாதெமியா எஸ்பஞோலாவின் (ஸ்பெயினின் மொழிக் கழகம்) இணைய அகராதியைத் திறந்தால் வினையின் முழு அட்டவணையும் இலவசமாகக் கிடைக்கும்.

*'கியேரோ' மூன்று அசையாக நீள்கிறதா?* 'கி-யே-ரோ' என்று பிரிக்காமல் 'கியே' என்பதை ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

அறிகுறி 6: 'நான்' வடிவம் மட்டும் தப்பாக வருகிறது

'நீ', 'அவர்' எல்லாம் சரியாக வந்து, 'நான்' என்றவுடன் 'ஆஸோ', 'பொனோ', 'ஸாபோ' என்று வந்தால், அந்த வினைகளுக்குத் தன்மை ஒருமை தனி என்று பொருள். விதி தேட வேண்டாம். மூன்று கூட்டமாகப் பிரித்து வாய்ப்பாடமாக ஏற்றுங்கள்.

'கோ' கூட்டம்: ஆகோ (செய்கிறேன்), போங்கோ (வைக்கிறேன்), ஸால்கோ (கிளம்புகிறேன்), த்ராய்கோ (கொண்டுவருகிறேன்), தெங்கோ (வைத்திருக்கிறேன்), பெங்கோ (வருகிறேன்), தீகோ (சொல்கிறேன்), ஓய்கோ (கேட்கிறது எனக்கு).
'ஓய்' கூட்டம்: ஸோய், எஸ்தோய், போய் (போகிறேன்), தோய் (கொடுக்கிறேன்).
தனிக்கட்டைகள்: ஸே (எனக்குத் தெரியும்), பேயோ (பார்க்கிறேன்), கொனோஸ்கோ (அவரை, அந்த ஊரைத் தெரியும்).

தினமும் 4 என்று வைத்தால் 4 நாளில் இந்தப் பட்டியல் முடிந்துவிடும்.

அறிகுறி 7: 'இருக்கு' வரும் இடமெல்லாம் சிவப்பு மை

*வினையே இல்லையா?* 'அவ டாக்டர்' என்பதில் நமக்கு வினை கிடையாது. ஸ்பானிஷில் கட்டாயம்: 'எயா எஸ் மேதிகா'. பெயர், தொழில், ஊர் சொல்லும் வாக்கியங்களை முதலில் பாருங்கள். வினை விடுபடுவது அங்கேதான்.

*நான்கில் எது என்று தெரியவில்லையா?* தமிழின் ஓர் 'இருக்கு' ஸ்பானிஷில் நான்கு வழியாகப் பிரிகிறது. மேலிருந்து கீழே கேட்டுக்கொண்டே வாருங்கள். பொருந்தும் முதல் இடத்தில் நில்லுங்கள்.

1. 'என்கிட்ட இருக்கு', 'எனக்கு ரெண்டு தங்கச்சிங்க இருக்காங்க': தெனேர். 'தெங்கோ லா யாபே' (என்னிடம் சாவி இருக்கு).
2. 'பக்கத்துல ஏடிஎம் இருக்கா?' ஏதோ ஒன்று, இன்னதென்று சுட்டாமல்: ஆய். 'ஆய் உன் காஹேரோ ஸேர்கா?' ஒன்றானாலும் பலவானாலும் 'ஆய்' மாறாது.
3. 'பாரதி பூங்கா எங்க இருக்கு?' சுட்டிச் சொல்லும் பொருளின் இடம்; 'ரூம் சுத்தமா இருக்கு', 'களைப்பா இருக்கேன்' என்பதுபோல இப்போதைய நிலை: எஸ்தார். 'லா அபிதாஸியோன் எஸ்தா லிம்பியா'.
4. 'ரூம் பெருசா இருக்கு' என்பதுபோல அதன் தன்மை, அது இன்னது என்பது: ஸேர். 'லா அபிதாஸியோன் எஸ் க்ராந்தே'.

'நிரந்தரம் என்றால் ஸேர், தற்காலிகம் என்றால் எஸ்தார்' என்ற சூத்திரத்தைப் பலர் மனப்பாடம் செய்து மாட்டிக்கொள்கிறார்கள். அதை விட்டுவிடுவது நல்லது. கடலூர் புதுச்சேரிக்குத் தெற்கே என்றைக்கும் நகராமல் இருக்கிறது; ஆனாலும் 'கடலூர் எஸ்தா அல் ஸூர் தே புதுச்சேரி'தான். இறந்துபோனவரைச் சொல்வதும் எஸ்தாரோடுதான்.

ஒரு விலக்கு: நிகழ்ச்சி நடக்கும் இடத்துக்கு ஸேர். 'லா ஃபியேஸ்தா எஸ் என் காந்தி திடல்.' தமிழில் 'நடக்குது' என்று மாற்றிச் சொல்ல முடிந்தால் ஸேர் போடுங்கள்.

இந்த நான்கு கேள்வியையும் வைத்து 30 வாக்கியம் எழுதிப் பாருங்கள். 1, 2-இல் தப்பு வந்தால் நீங்களே சரிசெய்யலாம். 3-க்கும் 4-க்கும் நடுவில் மட்டும் தொடர்ந்து தப்பு வந்தால் ஆசிரியரிடம் காட்டுங்கள். ஒரே பண்புச்சொல் ஸேரோடு ஒரு பொருளும் எஸ்தாரோடு வேறொரு பொருளும் தரும் இடங்கள் அங்கே உண்டு. எடுத்துக்காட்டாக 'லிஸ்தோ': ஸேரோடு 'கெட்டிக்காரர்', எஸ்தாரோடு 'தயார்'.

அறிகுறி 8: 'எனக்குப் பிடிக்கும்' உதைக்கிறது

'யோ குஸ்தோ' என்று வந்தால் ஆங்கிலம் பேசுகிறது என்று பொருள். தமிழ் வாக்கியத்தையே எடுங்கள்: எனக்கு = மே, பிடிக்கும் = குஸ்தா. 'மே குஸ்தா எல் கஃபே'. 'எனக்குத் தலை வலிக்குது' என்பதும் அப்படியே: 'மே துவேலே லா கபேஸா'. நமக்கு இது இனாமாகக் கிடைத்த வசதி.

சிக்கல் பன்மையில். 'மாம்பழங்கள் பிடிக்கும்' என்றாலும் நம் வினை மாறாது. அங்கே மாறும்: 'மே குஸ்தான் லோஸ் மாங்கோஸ்'. அந்த 'ன்' முழுதாகக் கேட்கட்டும். 'என் தங்கச்சிக்கு' என்னும்போது '-க்கு' விடுபடக் கூடாது. அதற்கு 'அ': 'அ மி எர்மானா லே குஸ்தா'.

இன்னொன்று: பசி, தாகம், குளிர், வயது இந்த வழியில் வராது. 'எனக்குப் பசிக்குது' என்பது 'தெங்கோ ஆம்ப்ரே'; 'எனக்கு 20 வயசு' என்பது 'தெங்கோ பெய்ந்தே ஆஞோஸ்'. இங்கே ஃப்ரெஞ்சு தெரிந்தவர்கள் அதையே பின்பற்றலாம். இரண்டு மொழியிலும் ஒரே கட்டமைப்பு.

அறிகுறி 9: அட்டவணையில் இல்லாத வடிவங்கள் காதில் விழுகின்றன

'தெனேஸ்', 'பொதேஸ்', 'ஸோஸ்' என்று கேட்டால் அது அர்ஜென்டினா, உருகுவே பக்கத்துப் பேச்சு. அங்கே 'நீ' என்பதற்கு 'தூ' என்ற சொல்லுக்குப் பதில் 'போஸ்'. கால்பந்து வீரர்களின் பேட்டிகளைப் பார்த்துப் படிப்பவர்களுக்கு இது சீக்கிரமே தட்டுப்படும். கடைசி 'ஸ்' காணாமல்போய் 'தியேனே' என்று மட்டும் கேட்டால், பேசுபவர் கரீபியன் பகுதியையோ தெற்கு ஸ்பெயினையோ சேர்ந்தவராக இருக்கலாம். உங்கள் காதில் குறையில்லை. லத்தீன் அமெரிக்காவில் 'பொஸோத்ரோஸ்' (அட்டவணையின் 'நீங்கள் பலர்') வடிவமும் புழங்குவதில்லை, பலருக்கும் 'உஸ்தேதெஸ்'தான். ஸ்பெயினுக்குப் படிக்கப் போகிறவரைத் தவிர மற்றவர்கள் ஐந்தாம் வடிவத்தைக் கேட்டால் புரியும் அளவில் வைத்துக்கொண்டு, வாய்ப்பயிற்சியை மற்ற ஐந்துக்குக் கொடுப்பதே மேல்.

அறிகுறி 10: எழுதினால் வருகிறது, பேசினால் நிற்கிறது

அட்டவணையை நான், நீ, அவர் என்று ஒரே வரிசையில் ஒப்பித்துப் பழகியதுதான் முதல் காரணம். 'அவர்கள்' வேண்டும் என்றால் மனசு 'நான்' தொடங்கி எண்ணிக்கொண்டு வரும். 6 சீட்டில் ஆளையும் 10 சீட்டில் வினையையும் எழுதி, குலுக்கி, ஒன்றொன்று எடுத்து 3 நொடிக்குள் சொல்லுங்கள். தினமும் 10 நிமிடம். வினை கடைசியில் வந்து நிற்கிறது என்றால் ('யோ அர்ரோஸ் கோமோ') அது தமிழ் வரிசை. வினையில் தொடங்கிச் சொல்லுங்கள்: 'கோமோ அர்ரோஸ்'. எதிர்மறைக்கு வினையின் முன்னால் 'நோ' மட்டும்: 'நோ ஆப்லோ ஃப்ரான்ஸேஸ்'.

ஒரு மாதம் இப்படிச் செய்தும் 10-க்கு 4 சீட்டு தாண்டவில்லை என்றாலோ, இன்ஸ்டிட்யூட்டோ செர்வாந்தெஸ் நடத்தும் டெலே என்ற ஸ்பானிஷ் மொழித்திறன் தேர்வுக்குப் பெயர் கொடுக்கும் எண்ணம் இருந்தாலோ, காசு செலவழிக்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது. குழு வகுப்பைவிடத் தனி வகுப்பு இதற்குப் பொருத்தம். குழுவில் உங்கள் முறை வருவதற்குள் மணி முடிந்துவிடும். போகும்போது 2 நிமிடக் குரல் பதிவு ஒன்றையும், மேலே உள்ளவற்றில் எந்தெந்த எண் உங்களைப் படுத்துகிறது என்பதையும் எழுதி எடுத்துப் போங்கள். முதல் வகுப்பிலேயே ஆசிரியர் உங்களைப் பேசவிட்டு, நடுவில் நிறுத்தி விகுதியைத் திருத்துகிறாரா என்று பாருங்கள். பலகையில் அட்டவணை எழுதிக்கொண்டே இருந்தால் வேறொருவரைத் தேடுங்கள். அட்டவணை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.